இடரை அறிந்தவர் கடமை

செயற்றிட்ட இடர் முகாமைத்துவத்திற் பயிற்சி முடித்து இன்று சான்றிதழ் பெறும் இளைஞர்களே, யுவதிகளே,

இத்தகைய சாஸ்திரமொன்றுக்குப் பட்டமளிப்பு நிகழ்த்தக் கந்தப்பளையைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இருக்க முடியுமா என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாய் விரிந்து கிடக்கும் இந்தத் தேயிலையே ஓர் இடரின் விளைவாக இம்மலைகளை ஆட்கொண்ட பயிராகும். 1869-ஆம் ஆண்டிலே கோப்பி இலையிற் காணப்பட்ட துருநோய் சில ஆண்டுகளுக்குள் பெருந்தோட்டங்களைப் பாழாக்கியபோது, அதற்கு முன்னரே, 1867-இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலைதான் துரைமாருக்கு மாற்று வழியாயிற்று. அவர்கள் பயிரை மாற்றிப் பிழைத்துக்கொண்டார்கள். கோப்பியோடு தம் கூலியையும் இழந்து நின்ற தொழிலாளரின் நஷ்டத்தை எந்தக் கணக்கேடு கணக்கில் எடுத்தது என்ற வினாவை மட்டும் உங்கள் முன் வைத்துவிட்டு மேலே செல்கிறேன்.

உங்களிற் பலர் அடுத்தபடியாக எழுத விரும்பும் சர்வதேசப் பரீட்சை, 1969-இல் அமெரிக்காவிலே தோன்றிய செயற்றிட்ட முகாமைத்துவ நிறுவனம் 2008-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இடர் முகாமைத்துவச் சான்றிதழுக்கானது. பட்டதாரி ஒருவர் அதற்கு விண்ணப்பிக்க 30 மணி நேரக் கல்வி போதும். ஆனால் களத்தில் 24 மாத அனுபவமும் வேண்டும். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கினால், ஏட்டறிவின் எல்லை எதுவென்பதை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டிருப்பது தெரியும். நன்மை பயக்கக்கூடிய நிச்சயமின்மையும் இடரின்பாற்பட்டதே என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கைவிடப்பட்டுக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996-இல் ஹோட்டலாக மறுபிறவி எடுத்ததைக் கண்ட இவ்வூராருக்கு அதனை விளக்கவேண்டிய அவசியமில்லை.

ஆயினும் இன்று நான் முக்கியமாகப் பேச வந்தது மீரியபெத்தையைப் பற்றி. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் திகதி காலையிலே, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தின் லயங்கள் மீது மலை சரிந்து விழுந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்து தங்கள் வீடிருந்த இடத்திற் சேற்றையே கண்டார்கள். அந்தச் சரிவு எவரும் எதிர்பாராததன்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் பின்னர் 2011-இலும் அவ்விடத்தின் அபாயத்தைச் சுட்டிக்காட்டியிருந்தது. உங்கள் பாஷையிற் சொல்வதானால், இடர் இனங்காணப்பட்டது, மதிப்பிடப்பட்டது, எழுத்திலும் பதிவாயிற்று. ஆனால் அதனைத் தம்முடையதென ஏற்று, குடிபெயர நிலம் ஒதுக்கி, அந்நிலத்திற் கூரை எழும்பும் வரை ஓயாது நிற்கக்கூடிய பொறுப்பாளரும் அவருக்குரிய அதிகாரமும் பணமும் ஒருசேர வாய்க்கவில்லை. போக இடமில்லாத குடும்பத்திடம் போய்விடு என்று சொல்வது எச்சரிக்கையாகுமேயன்றிப் பாதுகாப்பாகாது. இடர்ப் பதிவேட்டிலே பொறுப்பாளரின் பெயருக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியை, பரீட்சைக்காக மனனம் செய்த பல விஷயங்களுள் ஒன்றாக நீங்கள் கருதியிருக்கக்கூடும். என் அபிப்பிராயத்தில் அந்தச் சாஸ்திரம் முழுவதும் அந்தப் பகுதியிலேதான் அடங்கியிருக்கிறது.

உமா ஓயாத் திட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். 120 மெகாவாட் மின்சாரமும் தென்கிழக்கு வரட்சி நிலங்களுக்கு நீரும் தரவேண்டுமென்ற நல்ல நோக்கத்தோடு சுரங்கம் குடையப்பட்டபோது, 2014 டிசம்பரில் அதனுள்ளே நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலிலே திட்டம் திறந்து வைக்கப்பட்டது. ஒரு செயற்றிட்டத்தின் இடர் அச்செயற்றிட்டத்துக்கு வெளியே, அதன் கூட்டங்களில் ஆசனம் பெறாத மக்களின் தலைமேல் இறங்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் நம் நாட்டில் அரிது. 2021-இல் அரசு இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, மாதங்கள் சிலவற்றிலேயே அத்தீர்மானத்தைக் கைவிட நேர்ந்த கதையை, கொழுந்து குறைந்ததால் வருமானம் சுருங்கிய வீடுகளிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே நீங்கள் வீதி அமைக்கும் திட்டத்திலோ, தனிவீட்டுத் திட்டத்திலோ, கொழும்பிலுள்ள மென்பொருள் கம்பெனியிலோ, எங்கே பணியாற்றினும், அபாயத்தை முதலில் அறிகிறவர்களிடம் முதலிற் செல்லுங்கள். லயத்தின் பின்சுவரில் வெடிப்பு எந்த மழைக்குப் பின் அகன்றதென்பதை அங்கு சமைக்கும் தாய் அறிவாள். மேற்கணக்கில் ஊற்று கலங்கி வந்ததைக் கொழுந்தெடுப்பவர்கள் அறிவார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறவும் வேண்டுமென்ற விதி நமக்கு இருக்கிறது. அந்த அளவு கடந்த நள்ளிரவிலே கதவைத் தட்டுபவர் யார், முதியவரைத் தூக்கிச் செல்பவர் யார், அடைக்கலத்துக்குரிய கட்டடத்தின் சாவி எவரிடம் என்பனவற்றைப் பெயர் குறித்து எழுதிவைக்க வல்லவர்கள் இன்று இந்த மண்டபத்திலே அமர்ந்திருக்கிறீர்கள்.

இந்த மழைக்காலம் தொடங்குமுன், உங்கள் ஒவ்வொருவருடைய தோட்டத்துக்கும் அத்தகைய பதிவேடு ஒன்றைத் தோட்டத்து மக்களோடு உட்கார்ந்து எழுதி, கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கையளித்து, அவர்கள் கையொப்பமிட்ட பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.