கேஸ் போட்டாங்களா? முதல்ல “எந்தப் பிரிவு”னு கேளுங்க!

(சேர்வராயன் மலை, வெள்ளக்கடையில் பொதுமக்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்ட வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க, அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். நான் வக்கீல் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிற பொண்ணு. சட்டத்தில் இருப்பதை நமக்குப் புரிகிற பேச்சில் சொல்வது என் வேலை.

ஒருத்தர் மேல கேஸ் என்று கேள்விப்பட்டாலே, “அவன் செஞ்சிருப்பான்”னு ஊரே முடிவு கட்டிடுது. சட்டம் அப்படி முடிவு கட்டுவதில்லை. நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் வரை அவர் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’, அவ்வளவுதான். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு.

இது ஏன் முக்கியம்? வாச்சாத்தியை நினைத்துப் பாருங்க. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலை அடிவாரம். உங்களைப் போல மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை பதுக்கியதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குழந்தைகளோடு சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். பெண்களைச் சேலம் சிறையில் அடைத்தார்கள். குற்றவாளிகள் என்று சொல்லி இழுத்துப் போனது அந்த ஊர் மக்களைத்தான். ஆனால் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொன்னது 269 அரசு ஊழியர்களை. அதில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. நியாயம் கிடைச்சது. ஆனா 31 வருஷம் ஆச்சு.

அரசு ஊழியர் எல்லாரும் அப்படி என்று சொல்லவரவில்லை. சட்டம் வைத்திருக்கும் பாதுகாப்பு முதல் நாளிலேயே மக்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரிவு எண்ணில் என்ன இருக்கு?

ஒரு உதாரணம். எஸ்டேட்டில் மிளகு மூட்டை காணவில்லை. அங்கே வேலை செய்யும் ஒரு அண்ணன் மேல் புகார். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதில் சாதாரணத் திருட்டு பிரிவு 303, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாச்சு என்றால் சமூக சேவைதான் தண்டனை. ஆனால் ‘வேலைக்காரர் முதலாளி பொருளைத் திருடினார்’ என்று பிரிவு 306 போட்டால் 7 ஆண்டு வரை போகலாம். மூட்டை அதேதான், பிரிவுதான் வேற. அதனால்தான் “என்ன கேஸ்?”னு மட்டும் கேட்காமல், “எந்தப் பிரிவு? ஜாமீன் உண்டா?” என்று கேட்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. மூன்று காகிதங்களை நாம் குழப்பிக்கொள்கிறோம். முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., புகாரின் பதிவு மட்டுமே. விசாரணை முடிந்து போலீஸ் நீதிமன்றத்தில் கொடுப்பது குற்றப்பத்திரிகை. அதைப் படித்துப் பார்த்து, எந்தக் குற்றத்துக்கு விசாரணை நடத்துவது என்று நீதிபதி எழுதுவது ‘குற்றச்சாட்டு வனைதல்’. அன்றைக்கு அதை உங்களுக்கு வாசித்து, விளக்கிச் சொல்லி, “ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று கேட்பார்கள். புரியாமல் தலையாட்டாதீங்க. “புரியலைங்க அய்யா, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, உங்க உரிமை. குற்றப்பத்திரிகை நகலும் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

முதல் 24 மணி நேரம்

7 ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்கில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, கைதுக்கு என்ன தேவை என்று எழுத்தில் காரணம் வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைது தேவையில்லை என்றால், ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தருவார்கள். நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாதீங்க. போய் ஆஜராகுங்க. போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

கைது செய்தால் இவற்றை மறக்காதீங்க:

* கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். எந்தக் குற்றமாக இருந்தாலும், கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆந்திராவுக்கு மரம் வெட்டும் கூலி வேலைக்குப் போய், தெலுங்கில் எழுதிய காகிதத்தைப் பார்த்து விழித்த நம்ம மலைப் பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தா, இதன் அருமை புரியும்.
* கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.
* வக்கீலைச் சந்திக்கலாம். மருத்துவப் பரிசோதனை உண்டு.
* பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். வனத்துறை பிடித்தாலும் இதுவே விதி. அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு அப்படிச் சொல்கிறது.
* சூரியன் மறைந்த பிறகு, விடியும் முன் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி, நடுவரின் முன்அனுமதி பெற்றே செய்ய வேண்டும்.
* உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீங்க.

நடுவர் முன் நிற்கும் அந்த ஐந்து நிமிஷம் ரொம்ப முக்கியம். அடி வாங்கியிருந்தால் அங்கேயே சொல்லுங்க. வக்கீல் இல்லை என்றாலும் அங்கேயே சொல்லுங்க.

உள்ளே போயிட்டா?

நம்ம மிளகு மூட்டை வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். இன்னும் பெரிய குற்றங்களுக்கு இது 90 நாள். முதல் தடவை வழக்கில் சிக்கியவர், வேறு வழக்கு எதுவும் நிலுவையில் இல்லாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் அவரை விடுவிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆயுள், மரண தண்டனை வழக்குகளுக்கு இது பொருந்தாது.

“வக்கீலுக்குப் பணம் ஏதும்மா?” என்று கேட்பீங்க. பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தந்த உரிமை இது. சேலத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவச உதவி எண் 15100.

கையில் போன் இருக்கே!

எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நெட்வொர்க் சிக்கல் உள்ள இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம். பாலியல் குற்றம் போன்றவை ஏற்றப்படாது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தேடிப் பாருங்க. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்பதை இ-கோர்ட்ஸ் செயலியில் பார்க்கலாம். அதற்கு வழக்கின் சி.என்.ஆர். எண் போதும்.

ஒரு எச்சரிக்கை. வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து, “உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியாச்சு, பணம் அனுப்பு” என்பவன் திருடன். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. போனை வைத்துவிட்டு 1930-க்குச் சொல்லுங்க.

அண்ணன்மாரே, அக்காமாரே, ஸ்டேஷனில் சண்டை போடச் சொல்லவில்லை. பணிவாகக் கேளுங்க, ஆனால் கேட்காமல் வராதீங்க. இப்பவே போனை எடுத்து 15100-ஐச் சேமிச்சு வைங்க. போன் இல்லாத வீட்டுப் பெரியவங்களுக்குச் சுவரில் எழுதிக் கொடுங்க.