சிலுவைக்குக் கீழே யார் நிற்பது? – மாவட்ட தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் நம் தோழர் ஒருவர் ஆற்றிய உரை (முழு எழுத்து வடிவம்)



 நான் எப்பவும் லேப்டாப்புக்குப் பின்னாடி இருக்கிற ஆளு. மைக் முன்னாடி நிக்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு வந்தா மன்னிச்சிக்கங்க.

"ஒரு கிறிஸ்தவ வாக்காளனா உன் அனுபவத்தைப் பேசு"ன்னு அண்ணன் சொன்னாரு. பெருமையா பேச நிறைய இருக்கு. ஆனா நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன தேர்தல் சமயம் ஒரு போஸ்டர் டிசைன் பண்ணினேன். மேல பெரிய சிலுவை. கீழ நம்ம வேட்பாளர் கைகூப்பிச் சிரிக்கிறாரு. "கிறிஸ்தவர்களின் வாக்கு ஒன்றே"ன்னு ஒரு வாசகம். எங்க சபை வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். அரை மணி நேரத்துல பக்கத்து சேகரம் வரைக்கும் போயிடுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா போனை நீட்டினாங்க. "எலே, இது நீ செஞ்சதா? சிலுவைக்குக் கீழ நின்னவங்க அழுதுகிட்டுல்லா நின்னாங்க. உங்க ஆளு சிரிச்சிகிட்டு நிக்காரு?"

எனக்குச் சோறு இறங்கல. உடனே அழிச்சேன். ஆனா நமக்குத்தான் தெரியுமே, நம்ம குரூப்புல அழிக்கலாம், ஃபார்வர்டு ஆனதை அழிக்க முடியாது. மறுநாள் ஒன்றியச் செயலாளர் அண்ணன்கிட்ட போய் உண்மையைச் சொன்னேன். அவர் சட்டத்தை எடுத்துக் காட்டினாரு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3). வேட்பாளரோ, அவர் ஏஜெண்டோ, அவர் சம்மதத்தோட வேற யாரோ மதத்தைச் சொல்லி ஓட்டு கேட்டா அது ஊழல் நடவடிக்கை. ஜெயிச்சாலும் வெற்றி ரத்தாகலாம். வாக்காளரோட மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் இதுல சேரும்னு 2017-ல உச்ச நீதிமன்றத்தோட ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையா சொல்லியிருக்கு. நான் உற்சாகத்துல போட்ட ஒரு படம், மொத்தப் பேரோட உழைப்பையும் கவுத்திருக்கும்.

சட்டம் ஒரு பக்கம். அம்மா கேட்டதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

தோழர்களே, "கிறிஸ்தவர்களின் வாக்கு ஒன்றே"ன்னு நான் எழுதினேனே, அது முதல்ல உண்மையா? எங்க வீட்டுலயே நாலு ஓட்டு. அப்பா ஒரு பக்கம், சித்தப்பா இன்னொரு பக்கம். ஆச்சி யாருக்குப் போட்டாங்கன்னு கர்த்தருக்குத்தான் தெரியும். எங்க ஐயர் பிரசங்கத்துல "ஜெபம் பண்ணிட்டு ஓட்டுப் போடுங்க"ன்னுதான் சொன்னாரே தவிர, சின்னத்தைச் சொல்லல. ஆனா வெளியில "உங்க ஆளுங்க ஐயர் சொன்னா கண்ணை மூடிட்டு குத்துவீங்க"ன்னு பேசுறாங்க. அந்தப் பேச்சுக்கு நானே போஸ்டர் அடிச்சுக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு.

இந்த விவாதம் இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. லண்டன் வட்டமேசை மாநாட்டு காலத்துல ரெண்டு தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதுல எதிரெதிரா நின்னாங்க. சேலத்துக்காரர் கே.டி.பால், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம்னாரு. நீதிக்கட்சியோட ஏ.டி.பன்னீர்செல்வம், தனித் தொகுதி கேட்ட 1931 சிறுபான்மையினர் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாரு. ரெண்டு பேருக்குமே சமூகத்து மேல அக்கறை இருந்துச்சு. 1935 சட்டத்துல தனித் தொகுதி கிடைச்சது.

ஆனா அரசியல் நிர்ணய சபையில என்ன நடந்துச்சு? சிறுபான்மைத் துணைக்குழுவுக்குத் தலைவரா இருந்தவரே ஒரு கிறிஸ்தவர், எச்.சி.முகர்ஜி. சென்னை லயோலா கல்லூரியோட இயேசு சபைப் பாதிரியார் ஜெரோம் டிசோசாவும் உறுப்பினர். 1949 மே மாசம், மத அடிப்படையிலான இட ஒதுக்கீட்டுத் தொகுதிகள் வேண்டாம்னு முடிவானப்போ ரெண்டு பேரும் அதை ஆதரிச்சாங்க. கையில இருந்த பாதுகாப்பை விட்டுக்கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரனை நம்பினாங்க. நமக்கு இருக்கிறது பிரிவு 25 தர்ற மனசாட்சி சுதந்திரம், பிரிவு 30 தர்ற கல்வி நிறுவன உரிமை. அந்த நம்பிக்கையில பிறந்தவன் நான். நானே சிலுவையைக் காட்டி ஓட்டு கேட்டா, அவங்க செஞ்சதுக்கு என்ன அர்த்தம்?

அப்போ நம்பிக்கையை வீட்டுல பூட்டி வெச்சுட்டு பூத்துக்குப் போகணுமா? இல்ல. என் விசுவாசம் என்கூடத்தான் வரும். ஆனா "இவர் நம்ம ஆளா"ன்னு அது கேட்கக் கூடாது. "வரிசையில கடைசியா நிக்கிறவனுக்கு இவர் என்ன செய்வாரு"ன்னு கேட்கணும். நான் படிச்ச வேதம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

கடைசியா நிக்கிறவன் யாருன்னு என் வீட்டுல இருந்தே சொல்றேன். எங்க பெரியப்பா வீடும் எங்க வீடும் ஒரே தெரு. அவங்க கோயிலுக்குப் போறாங்க, நாங்க சர்ச்சுக்குப் போறோம். பெரியப்பா பையன் சான்றிதழ்ல பட்டியல் சாதி. என் சான்றிதழ்ல பிற்படுத்தப்பட்டோர். எங்க ரெண்டு பேரையும் ஊரு ஒரே மாதிரிதான் பார்க்குது. டீக்கடையில எங்க தாத்தாவுக்குத் தனி டம்ளர் கொடுத்தவங்க, "நீங்க ஞானஸ்நானம் எடுத்தாச்சா"ன்னு கேட்டுட்டுக் கொடுக்கல.

1950 குடியரசுத் தலைவர் ஆணை, மூணாவது பத்தி. முதல்ல இந்துக்களுக்கு மட்டும்னு இருந்துச்சு. 1956-ல சீக்கியர்களைச் சேர்த்தாங்க. 1990-ல பௌத்தர்களைச் சேர்த்தாங்க. தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியிலதான் நிக்கிறோம். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல அறிக்கை கொடுத்துச்சு, மதத்தைப் பார்க்காதீங்கன்னு. 2022-ல முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில இன்னொரு ஆணையம் போட்டாங்க. 2023 ஏப்ரல் 19-ல தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசைக் கேட்டுச்சு. நம்ம மாநிலத்துல மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைங்களுக்கும் கல்வி உதவித்தொகை உண்டு. அதை நன்றியோட சொல்றேன். ஆனா வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. தனித் தொகுதியில நிக்க முடியாது. இதை மாநிலம் மட்டும் மாத்திட முடியாது.

இதைப் பேசும்போது என் சபையையும் பார்த்துப் பேசணும். சில ஊர்கள்ல கல்லறைத் தோட்டத்துல இன்னும் சாதிச் சுவர் நிக்குது. திருமண்டலத் தேர்தல்ல சாதிக் கணக்குப் போடுறாங்க. அசனத்துல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு, சம்பந்தம் பேசும்போது மட்டும் பிரிஞ்சிடுறோம். டெல்லியைக் கேள்வி கேட்கிற வாய், இதையும் கேட்கணும். அப்போதான் நம்ம கோரிக்கைக்கு மரியாதை.

கடைசியா அணித் தோழர்களுக்கு மூணு விஷயம்.

ஒண்ணு, சிலுவையோ பிறையோ சூலமோ, எந்த மதச் சின்னமும் நம்ம போஸ்டர்ல வரவேண்டாம். பண்டிகை வாழ்த்து வேற, ஓட்டு கேட்கிறது வேற.

ரெண்டு, நம்ம பூத் எக்செல் ஷீட்ல "மதம்"னு ஒரு காலம் இருக்கு. அதை உருவாக்கினதே நான்தான். அதை எடுத்துட்டு "கோரிக்கை"ன்னு மாத்தணும்னு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கிறேன். ஒரு வீட்டுக்கு நேரா "ஆர்.சி."ன்னு எழுதியிருந்தா நாம அங்க பைபிள் கதை பேசுவோம். "மூணு மாசமா தண்ணி வரல"ன்னு எழுதியிருந்தா குழாயைப் பத்திப் பேசுவோம்.

மூணு, "கிறிஸ்தவங்க ஓட்டு நமக்குத்தானே, எங்க போயிடப் போறாங்க"ன்னு நம்ம ஆளுங்க யாராவது சொன்னா, அங்கேயே தடுங்க. அப்படிச் சொல்ற அன்னைக்கே எங்க கோரிக்கை ஃபைலுக்கு அடியில போயிடும். நான் இந்தக் கட்சிக்காரன். ஆனா என் ஓட்டை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்குங்க.

அந்தப் போஸ்டரோட ஒரிஜினல் ஃபைல் இன்னும் என் லேப்டாப்புல இருக்கு. வேணும்னேதான் அழிக்காம வெச்சிருக்கேன். புதுசா ஒண்ணு டிசைன் பண்ண உக்காரும்போதெல்லாம் ஒருமுறை திறந்து பார்ப்பேன். அம்மா சொன்னது காதுல கேட்கும்.



#தகவல்_தொழில்நுட்ப_அணி #மாவட்டக்_கூட்டம் #அனைவருக்கும்_அரசியல்