பழைய அன்ரனாவும் பொதுவான வானமும்



1975 ஆம் ஆண்டிலே, கொழும்பு மாநகரில் ஒரு வீட்டிற்கு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வந்து, பெரியதொரு டிஷ் அன்ரனாவை நிறுவிச் சென்றார்கள். அக்காலத்தில் இலங்கையிலே தொலைக்காட்சிச் சேவை என்ற ஒன்று இல்லை. அது 1979 ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது. ஆயினும் அந்த வீட்டில் மட்டும், இந்தியாவின் இரண்டாயிரத்து நானூறு கிராமங்களுக்கென ஏ.ரி.எஸ். 6 என்னும் அமெரிக்கச் செய்மதி பொழிந்த கல்வி நிகழ்ச்சிகளைக் காண முடிந்தது. அந்த வீட்டில் வாழ்ந்தவர் ஆதர் சி. கிளாக்.

அவருக்கு அந்தப் பேறு கிடைத்தது பொருத்தமே. 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கில இதழில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, குறித்த உயரத்தில் சுற்றும் நிலையம் ஒன்று பூமியோடு சேர்ந்து சுழல்வதால் நமக்கு அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் என்றும், அத்தகைய மூன்று நிலையங்கள் உலகம் முழுவதற்கும் செய்தி பரப்பப் போதும் என்றும் எழுதியவர் அவர். அந்த உயரம் 35,786 கிலோமீற்றர். 1956 முதல் இலங்கையைத் தம் வாழிடமாகக் கொண்ட அவர், 2008 மார்ச் மாதத்தில் கொழும்பிலேயே காலமானார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அந்தப் பெரிய கோட்பாட்டின் மிகச் சிறிய பயன் ஒன்று. கூரையிலே முன்னரே பொருத்தப்பட்டுப் பயனற்றுக் கிடக்கும் டிஷ் அன்ரனா ஒன்றைக் கொண்டு, மாதக் கட்டணம் இல்லாத தொலைக்காட்சியைப் பெறுவது எவ்வாறு என்பதே அது. இதற்குப் பிரித்தானியாவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இம்முறை அந்நாட்டிலே நன்கு வேரூன்றியது என்பது ஒரு காரணம். நம்மவரிற் பலருடைய பிள்ளைகளும் பெற்றோரும் இன்று அங்கே வாழ்கிறார்கள் என்பது மற்றொரு காரணம்.

இலண்டன் நகரின் ஓர் ஓரத்திலே ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். வயது முதிர்ந்த தம்பதியர் அங்கே இருக்கின்றனர். பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் நாள் முழுவதும் அவர்களுக்குத் துணையாக இருந்தது தொலைக்காட்சி. மாதந்தோறும் செலுத்திய தொகை ஏறிக்கொண்டே போனதால் ஒருநாள் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள். அதனோடு செய்திகளும் நின்றுவிட்டன என்றே அவர்கள் நம்பினார்கள். சுவரின் வெளிப்புறத்தில் அன்ரனா இருக்கிறது. அதிலே அலைகள் இன்னும் வந்து வீழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் படமாக மாற்றும் பெட்டி ஒன்றே வீட்டினுள் இல்லை. இதை எடுத்துச் சொல்வார் இல்லாமையால் எத்தனையோ இல்லங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

இதன் வரலாறு சுவையானது. பிரித்தானியாவில் ஸ்கை நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் எண்முறைச் செய்மதிச் சேவையைத் தொடங்கியபோது, பொதுச் சேவையான பி.பி.சி.யின் அலைவரிசைகளும் மறைகுறியிட்டே அனுப்பப்பட்டன. அவற்றைக் காண ஓர் அட்டை தேவைப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் பி.பி.சி. அந்த மறைகுறியை நீக்கித் தன் அலைவரிசைகளைத் திறந்தவெளியிலே விட்டது. 2005 ஆம் ஆண்டில் ஐ.ரி.வி.யும் அவ்வழியே வந்தது. இவ்விரு நிறுவனங்களும் இணைந்து 2008 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி ‘பிரீசற்’ என்னும் கட்டணமற்ற செய்மதிச் சேவையை ஆரம்பித்தன. கிளாக் அவர்கள் மறைந்து ஏழு கிழமைகளே ஆகியிருந்தன.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். ‘இலவசம்’ என்பது மாதச் சந்தா இல்லை என்பதையே குறிக்கும். பிரித்தானியாவில் நேரடி ஒளிபரப்பைக் காணும் ஒவ்வோர் இல்லமும் ஆண்டுதோறும் தொலைக்காட்சி அனுமதிப் பணம் செலுத்தியாதல் வேண்டும். எழுபத்தைந்து வயதைக் கடந்து, ‘பென்ஷன் கிரெடிட்’ என்னும் உதவித்தொகையைப் பெறுவோருக்கு அது விலக்கு. ஆயினும் அவ்விலக்கும் கேட்டுப் பெறவேண்டியதே. தானாக வந்து சேராது. மேலும், முன்பு பணம் கொடுத்துப் பார்த்த சினிமா, விளையாட்டு, தமிழ் அலைவரிசைகள் ஆகியன மறைகுறியிட்டவை ஆதலின் இம்முறையால் அவை கிட்டமாட்டா. கிட்டும் என்று எவரேனும் பெட்டி விற்க வந்தால், அவரை நம்பாதிருப்பதே நன்று.

இனி, வேலைக்கு வருவோம். முதலாவது விதி: அன்ரனாவைத் தொடாதீர்கள். இது வியப்பாகத் தோன்றலாம். ஸ்கை நிறுவனத்தின் எண்முறைச் சேவைக்காகப் பொருத்தப்பட்ட அன்ரனாக்கள் கிழக்கு 28.2 பாகையில் நிற்கும் அஸ்ட்ராச் செய்மதிகளையே நோக்குகின்றன. பிரீசற் சேவையும் அதே இடத்திலிருந்தே வருகிறது. திசை முன்னரே சரியாக இருக்கிறது என்பதனாலேதான் இந்த வேலை எளிதாகிறது. மாறாக, அன்ரனா கிழக்கு 13 பாகையில் நிற்கும் ஹொட்பேர்ட் போன்ற வேறொரு செய்மதியை நோக்கியதாயின், அதைத் திருப்பியே ஆகவேண்டும். அது பழகியவர் செய்யவேண்டிய பணி.

இரண்டாவதாக, அன்ரனாவின் முன்னே கை நீட்டினாற்போல நிற்கும் சிறு பகுதியை அறிந்துகொள்ளல் வேண்டும். அதனை எல்.என்.பி. என்பர். விண்ணிலிருந்து வரும் அலை 10.7 முதல் 12.75 கிகாஹேர்ட்ஸ் வரையான மிக உயர்ந்த அதிர்வெண் உடையது. அதனைக் கேபிளில் அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துவிடும். ஆதலால் எல்.என்.பி. அதனைப் பெருக்கி, 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் வரை தாழ்த்தி, வீட்டினுள் அனுப்புகிறது. அதற்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிளின் வழியே பெட்டியிலிருந்து மேலே செல்கிறது. 13 வோல்ட் சென்றால் நிலைக்குத்தாக அதிரும் அலைகளையும், 18 வோல்ட் சென்றால் கிடையாக அதிரும் அலைகளையும் அது தெரிந்தெடுக்கும். 22 கிலோஹேர்ட்ஸ் தொனி ஒன்று உடன் சென்றால் மேற்பட்டைக்கு மாறும். ஒரே கம்பியில் மின்சாரம் மேலே ஏறுகிறது, படம் கீழே இறங்குகிறது, கட்டளையும் போகிறது. எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு!

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். 2016 ஆம் ஆண்டில் வந்த ‘ஸ்கை கியூ’ என்னும் சேவைக்கென அமைத்த எல்.என்.பி. வேறு வகையானது. அதில் ஒரு வாயில் கிடை அலைகள் முழுவதையும், மற்றொரு வாயில் நிலைக்குத்து அலைகள் முழுவதையும் ஒருங்கே அனுப்பும். பழைய வகைப் பெட்டியோ, தொலைக்காட்சிக்குள் இருக்கும் சாதாரண செய்மதி வாங்கியோ அந்த மொழியை அறியாது. கேபிளைச் செருகினால் திரை வெறுமையாகவே இருக்கும். உடனே அன்ரனா கெட்டுவிட்டது என்று முடிவு செய்வார்கள். அது கெடவில்லை. அவ்வகை எல்.என்.பி.யை ஏற்கும் புதிய பெட்டியை வாங்கலாம், அன்றேல் எல்.என்.பி.யை மட்டும் மாற்றுவிக்கலாம். இருவகை வாய்களும் ஒருங்கே கொண்ட எல்.என்.பி.யும் விற்பனைக்கு உண்டு. எனவே பெட்டி வாங்கும் முன்பே, கூரையில் இருப்பது எந்த வகை என்பதை அறிந்துகொள்வது பணத்தையும் மனத்தையும் காக்கும்.

மூன்றாவதாக, கேபிள்களின் எண்ணிக்கை. ஒரு நிகழ்ச்சியைப் பார்க்க மட்டுமாயின் ஒரு கேபிள் போதும். பழைய வகை எல்.என்.பி.யில், ஒன்றைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் பதிவு செய்ய விரும்பினால் இரண்டு கேபிள்கள் வேண்டும். முன்பு பதிவுப் பெட்டி இருந்த வீடுகளில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்.

இணைக்கும்போது பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். கேபிளின் முனையிலே நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னிய மெல்லிய இழைகள் இருக்கும். அவற்றில் ஓர் இழையேனும் நடுக்கம்பியைத் தொட்டால், மேலே செல்லவேண்டிய மின்சாரம் குறுக்கே பாய்ந்து வீணாகும். முனைகளைத் திருகியபின் மின்சாரத்தைத் தந்து, பெட்டி கேட்கும் கேள்விகளுக்கு விடை கொடுங்கள். பிரீசற் பெட்டியாயின் வீட்டின் அஞ்சற் குறியீட்டைக் கேட்கும். அந்தந்தப் பிரதேசச் செய்திகளைச் சரியாகத் தருவதற்கே அது கேட்கிறது. பின்பு தானாகவே அலைவரிசைகளைத் தேடி ஒழுங்குபடுத்திவிடும். தொலைக்காட்சிக்குள்ளேயே செய்மதி வாங்கி இருந்தால் தனிப் பெட்டி இல்லாமலும் பார்க்கலாம். ஆனால் கிழக்கு 28.2 பாகைச் செய்மதியை நீங்களே தெரிந்தெடுக்க வேண்டும், வரிசைப்படுத்துவதும் உங்கள் பொறுப்பாகும்.

பழைய பெட்டி ஒன்று யாரிடமேனும் சும்மா கிடைக்கிறது என்றால் மற்றுமோர் எச்சரிக்கை. 2024 ஆம் ஆண்டு ஜனவரியில் பி.பி.சி. தன் செய்மதி அலைவரிசைகளைப் பழைய தரத்தில் அனுப்புவதை நிறுத்தி, உயர்தெளிவுத் தரத்தில் மட்டுமே அனுப்பத் தொடங்கியது. உயர்தெளிவை ஏற்காத பெட்டியில் பி.பி.சி. வராது. சும்மா கிடைத்த பெட்டி சுமையாகவே முடியும்.

எல்லாம் செய்தும் படம் வராவிட்டால், பெட்டியின் அமைப்புப் பட்டியலில் இரண்டு அளவுகளைப் பாருங்கள். ஒன்று சமிக்ஞையின் வலிமை, மற்றொன்று அதன் தரம். வலிமையும் இல்லை, தரமும் இல்லை என்றால் பெரும்பாலும் கேபிளிலோ முனையிலோ பழுது. மழைநீர் கேபிளுக்குள் இறங்குவது மிகச் சாதாரணம். வலிமை இருந்து தரம் மட்டும் இல்லையாயின் அன்ரனா காற்றில் சற்றே திரும்பியிருக்கலாம். அல்லது எதிரே ஒரு மரம் வளர்ந்திருக்கலாம்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் இலங்கை பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ளது. நம் தீர்க்கரேகைக்கு அருகே நிற்கும் செய்மதியை நாடும் அன்ரனா இங்கே ஏறத்தாழ அண்ணாந்தே பார்க்கும். மரம் மறைப்பது குறைவு. இலண்டனிலோ கிழக்கு 28.2 பாகைச் செய்மதி, அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 25 பாகை உயரத்திலே, தென்கிழக்கில் நிற்கிறது. ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிலே அது 20 பாகையளவுக்குத் தாழ்ந்துவிடும். பத்தாண்டுகளுக்கு முன் சிறு கன்றாக இருந்த மரம் இன்று அந்தப் பாதையை அடைத்து நிற்கக்கூடும். இதை அறிய இயற்கையே ஒரு வழி தந்திருக்கிறது. மார்ச் மாதத் தொடக்கத்திலும் ஒக்டோபர் மாத நடுப்பகுதியிலும் சில நாள்கள், முற்பகலிலே சூரியன் சரியாக அந்தச் செய்மதியின் பின்னே வந்து நிற்கும். அவ்வேளையில் சில நிமிடங்கள் படம் குலைவதும் உண்டு. அப்போது அன்ரனாவின்மீது மரநிழல் விழுந்தால், அந்த மரமே தடை என்று ஐயமின்றித் துணியலாம்.

அன்ரனாவைத் திருப்ப நேர்ந்தால், அது வீட்டார் செய்யும் வேலையன்று. ஓரிரு பாகை பிசகினாலும் சமிக்ஞை தளர்ந்துவிடும். அதைவிட, ஏணியிலிருந்து கால் பிசகினால் வரும் துன்பம் பெரிது. ஒரு மாலைச் செய்திக்காக எவரும் இடுப்பெலும்பை விலையாகக் கொடுக்கவேண்டியதில்லை. தொழில் தெரிந்தவரை அழைத்து ஒருமுறை கூலி கொடுப்பது, மாதந்தோறும் கட்டணம் கொடுப்பதிலும் இலாபமே. வாடகை வீடாயின் உரிமையாளரிடம் கேட்டபின்பே சுவரிலே கை வைக்கவேண்டும். பழைய நிறுவனத்தின் பெட்டி இரவலாகத் தரப்பட்டதாயின் அதைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

நேயர்களே, இவ்வளவும் ஒரு சிறு வீட்டுக் கைவேலை. ஆயினும் இதனுள்ளே பெரியதொரு நியாயம் அடங்கியிருக்கிறது. செய்தியும் கல்வியும் கலையும், மாதப்பணம் கட்டக் கூடியவருக்கு மட்டும் உரிய பண்டங்களாகிவிட்டால், வறியவரும் முதியவரும் தம் நாட்டின் பேச்சைக் கேளாதவராய், அதிற் பங்கு கொள்ளாதவராய் ஆகிவிடுவர். பொதுச் சேவை நிலையம் ஒன்று தன் அலைகளைப் பூட்டின்றித் திறந்துவிடும்போது, இந்த ஊர்ப் பேச்சு எல்லோருக்கும் உரியது என்று சொல்லாமற் சொல்கிறது. 1975 இல் ஏ.ரி.எஸ். 6 செய்மதி இந்தியக் கிராமத்து மக்களுக்குச் செய்ததும் அதுவே.

ஆகவே, கடல் கடந்து வாழும் உங்கள் பெற்றோரோ சுற்றத்தாரோ, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டோம், பொழுது போகவில்லை என்று தொலைபேசியில் வருந்திச் சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: சுவரிலே அந்தப் பழைய அன்ரனா இன்னும் இருக்கிறதா? இருக்கிறது என்று விடை வந்தால், அவர்கள் இழந்ததாக எண்ணியதிற் பெரும்பகுதி, சுவருக்கு அப்பாலே, ஒரு கேபிள் தூரத்திலே காத்திருக்கிறது.