முத்திரை காட்டும் திசை



அமெரிக்காவில் பயிற்சி முடித்த அயல்நாட்டு மருத்துவரிடம், "எங்கே பணிபுரிய விருப்பம்?" என்று கேட்டுப் பாருங்கள். நியூயார்க் என்பார், சிகாகோ என்பார். போய்ச் சேருமிடமோ, சோள வயல் சூழ்ந்த சிற்றூர்! விரும்பியா போனார்? விசா காட்டிய திசையில் போனார்!

எப்படி என்கிறீர்களா? சட்டம் கற்றவனல்லன் நான். கல்லூரியையே பாதியில் விட்டு மேடைக்கு வந்தவன். அறிந்த அளவு சொல்கிறேன். ஜே-1 விசாவில் பயிற்சிக்குச் செல்லும் மருத்துவர், பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டுகள் தாயகத்தில் தங்கியாக வேண்டும். பிறகுதான் அங்கே வேலைக்கான விசா! 1994ஆம் ஆண்டு, வடக்கு டக்கோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் இந்த மதிலில் ஒரு வாயில் திறந்தார். மருத்துவர் பற்றாக்குறை உள்ள வட்டாரத்தில் 3 ஆண்டுகள் பணிபுரிய ஒப்பினால், தாயகம் திரும்ப வேண்டியதில்லை. மாநிலத்துக்கு ஆண்டுக்கு 20 பேர். 2002 முதல் 30 பேர். பரந்த டெக்சாசுக்கும் 30, சின்னஞ்சிறு ரோட் ஐலண்டுக்கும் 30! என்னே கணக்கு!

நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். மறுப்பேனா? நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் முதியவருக்கு, மருத்துவர் எந்த விசாவில் வந்தார் என்பதா கவலை? நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஆபிரகாம் வர்கீஸ், கான்ராட் வாயில் திறக்கும் முன்பே, 1980களில் டென்னசியின் ஜான்சன் சிட்டியில் எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனித்தவர். பலர் தொட அஞ்சிய உடலைத் தொட்டுப் பார்த்த கை, வெளியிலிருந்து வந்தவரின் கை!

ஆனால் தோழர்களே, நாடகக்காரனல்லவா, ஒரு காட்சியைக் கற்பனை செய்கிறேன். ஆஸ்பத்திரி நிர்வாகியின் அறை.

"ஐயா, ஒப்பந்தத்தில் வாரம் 40 மணி நேரம். இப்போது 60 ஆகிறதே?"

"கடினமாக இருந்தால் விலகலாம், டாக்டர். விசா என்னாகும் என்று யோசித்தீர்களா?"

டாக்டர் பேசவில்லை. இடம் மாறச் சட்டத்தில் வழி உண்டு. தக்க காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும், போகுமிடமும் பற்றாக்குறை வட்டாரமாக இருக்க வேண்டும். வழக்கறிஞருக்கு யார் பணம் கொடுப்பது? 60 மணி நேரம் உழைக்கிறார்.

3 ஆண்டுகள் கழிந்தன. விடுதலையா? எங்கே! கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது பொது விதி. இந்தியாவில் பிறந்தவருக்கு வரிசை நீள்கிறது, நீள்கிறது. உடன் அழைத்து வந்த மகளுக்கு 21 வயது நிறைந்தால், தந்தையின் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் கழன்றுவிடக்கூடும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் பார்த்தவர், தம் பிள்ளையை எண்ணித் தூக்கமிழக்கிறார்!

இன்னொன்று கேளுங்கள். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி விசாவில் ஆளை அழைக்க 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். மாநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒருவேளை கட்டிவிடும். 25 கட்டில்களை வைத்துக்கொண்டு, மருந்துக் கடன் தீர்க்கவே திணறும் சிற்றூர் ஆஸ்பத்திரி எங்கே போகும் அந்தப் பணத்துக்கு? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாரே முதியவர், அவரிடமா கேட்கும்?