ஒன்றா, ஏழா?

(மூத்தோர் சந்திப்பில் பேசியது)

மைக் வேண்டாம், என் குரல் பார்க்கிங் வரை கேட்கும்.

வங்கி வேலையில் நான் கற்ற வித்தை ஒன்றுதான்: பிறர் கையெழுத்தைப் படிப்பது. அதிலும் ஒருநாள் கோட்டை விட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் எழுதிய 1-ஐ 7 என்று படித்து லெட்ஜரில் ஏற்றிவிட்டேன். இரவு எட்டரை வரை கணக்கு டேலி ஆகவில்லை. மொத்தக் கிளையும் என்னால் காத்துக் கிடந்தது.

அந்த வித்தைக்கு இப்போது வேறொரு வேலை கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மார்ட்டின் மொய்னிஹன் என்று ஓர் அமெரிக்கப் பறவை ஆய்வாளர். 1973-இல் நோபல் பரிசு வாங்கிய டின்பெர்கனிடம் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். கடற்காகங்கள் எப்படிச் சண்டைக்கு நிற்கின்றன, எப்படி ஜோடி சேர்கின்றன என்று பொறுமையாகப் பார்த்துக் கையால் எழுதி வைத்தார். கருந்தலைக் கடற்காகத்தில் ஆணும் பெண்ணும் நெருங்கும்போது இரண்டும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கோபமில்லை! அந்தக் கரும்பழுப்பு முகத்தைக் காட்டுவதுதான் மிரட்டல், மறைத்தால் சமாதானம். இதைப் பற்றிக் குருவும் சீடரும் சேர்ந்து 1952-இல் கட்டுரையே எழுதினார்கள். (நம் வீடுகளில் முகத்தைத் திருப்பினால் அர்த்தம் வேறு.) குளிர்காலத்தில் இந்தப் பறவை நம் நாட்டுக் கரைகளுக்கும் வரும். அப்போது கரிய முகம் இருக்காது, கண்ணுக்குப் பின்னால் ஒரு பொட்டு மட்டும் தெரியும்.

அவருடைய கடற்காகக் குறிப்பேடுகளை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் படமெடுத்து இணையத்தில் வைத்தது. தன்னார்வலர் ஒருவர் ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்வார், இன்னொருவர் சரிபார்ப்பார், பிறகு ஊழியர் ஒப்புதல் தருவார். மேக்கர், செக்கர், பாஸிங் ஆபீசர். நமக்குப் புதிதா என்ன?

ஒரு விதிதான் எனக்குச் சிரமம். எழுதியவர் பிழையாக எழுதியிருந்தாலும் திருத்தக் கூடாது. புரியாத சொல்லை ஊகித்து நிரப்பவும் கூடாது. அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி போட வேண்டும். முப்பது வருஷம் பிறர் தவறைத் திருத்தியே பழகிய கையாயிற்றே! ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏட்டில் ஒரு பறவை என்றிருப்பதை நான் ஏழு என்று ஏற்றிவிட்டால், அதைக் காட்டிக்கொடுக்க மாலையில் டேலி கிடையாது. இரண்டாவதாகப் படிப்பவர் பிடித்தால்தான் உண்டு. பிடிக்காவிட்டால், நாளை தேடி எடுப்பவருக்கு ஏழுதான் கிடைக்கும்.

இன்னும் பலருடைய ஏடுகள் அங்கே காத்திருக்கின்றன. கோர்த்து எழுதிய பழைய ஆங்கிலக் கையெழுத்து என் பேத்திக்குப் படிக்க வரவில்லை. உங்களுக்கு வரும்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிளப் அறையில் என் லேப்டாப்போடு இருப்பேன். படிக்கிற கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள். எனக்கு ஒரு செக்கர் வேண்டும்.