ஐந்து வாக்கியக் கடிதம்

(பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைச் செயலாளர்களின் வகுப்பில் நிகழ்த்திய உரை)



அறிக்கை எழுதுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன்; இலக்கணம் கற்றுக்கொடுக்க வரவில்லை. மில்லில் யந்திரம் கையைப் பிடித்தது, வயலில் மருந்தடித்தவர் மயங்கி விழுந்தார் என்று நீங்கள் மனு எழுதுகிறீர்கள், நோட்டீஸ் போடுகிறீர்கள். அதில் ஏதாவது ஓர் எண்ணிக்கை வருகிறது. அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் என் தவறையே சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு நூற்பு மில்லில் பஞ்சுத்தூசிப் பிரச்னை. கார்டிங் பகுதியில் வேலை செய்தவர்களுக்கு ஓயாத இருமல், மூச்சுத்திணறல். தூசியை உறிஞ்சும் யந்திரம் வைக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. "இந்த மில்லில் 200 தொழிலாளர்களுக்கு நெஞ்சுநோய்!" என்று நான்தான் நோட்டீஸ் எழுதினேன்.

பேச்சுவார்த்தை மேஜையில் நிர்வாகத்தின் வக்கீல் அந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த 200 யார் எடுத்த கணக்கு?" எனக்குச் சொன்னவர் ஒரு தோழர். அவருக்குச் சொன்னவர் டீக்கடையில் பார்த்த ஒருவர். நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு போய் விசாரித்தோம். வைத்திய முகாமுக்கு வந்தவர்கள் மொத்தம் 200 பேர். பல்வலிக்காரர், முதுகுவலிக்காரர், கண் எரிச்சல்காரர் எல்லோரும் அதில் சேர்த்தி. நெஞ்சுக்கோளாறு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தது 31 பேருக்கு.

31 பேர் போதாதா? தாராளமாகப் போதும். ஒருவருக்கு வந்தாலே கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் 200 என்று எழுதியதால், அந்த 31 பேரின் நோயையும் பொய் என்று தள்ளிவிட நிர்வாகத்துக்கு நானே வழி செய்து கொடுத்தேன். யந்திரம் வர மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷத் தூசியைச் சுவாசித்தது நானல்ல, அந்தத் தொழிலாளர்கள்.

காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்ற கதை நம் எல்லோருக்கும் தெரியும். படிக்காத ஜனங்கள்தான் அப்படிக் கதை கட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள், வைத்தியப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் இதையே செய்திருக்கிறார்கள். அது அமெரிக்காவில் நடந்த விஷயம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த நாட்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்று ஒரு புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகை இருக்கிறது. 1980 ஜனவரி 10-ந் தேதி இதழில், ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியில், ஒரு சிறு கடிதம் வெளிவந்தது. எழுதியவர்கள் பாஸ்டன் நகரில் மருந்துகளின் விளைவுகளைக் கண்காணித்து வந்த ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர். கடிதம் மொத்தம் ஐந்தே வாக்கியங்கள்.

அதில் சொன்னது இதுதான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 39,946 நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தோம். அவர்களில் 11,882 பேருக்கு அபின் வகை வலிமருந்து ஒரு தடவையாவது கொடுக்கப்பட்டது. முன்பு அந்தப் பழக்கம் இல்லாதவர்களில், மருந்துக்கு அடிமையானதாக ஓரளவு நிச்சயமாகத் தெரிந்தது நான்கு பேர்தான். அதிலும் கடுமையான நிலை ஒருவருக்கே.

அவர்கள் பொய் எழுதவில்லை, தோழர்களே. பார்த்ததை எழுதினார்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் இல்லாதவை என்ன? எவ்வளவு மருந்து கொடுத்தார்கள், எத்தனை நாள் கொடுத்தார்கள், வீட்டுக்குப் போனபிறகு அந்த நோயாளி என்ன ஆனார் என்பது எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அளந்து கொடுத்த மருந்து வேறு. முதுகுவலிக்காக ஒருவர் வீட்டில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரை வேறு. முதல் விஷயத்தைப் பற்றிய கடிதம் இரண்டாவதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

ஆனால் சாட்சி சொல்ல வைத்தார்கள்! ஒருவர் தமது கட்டுரையில் அதைக் குறிப்பிட்டார். அடுத்தவர் அந்தக் கட்டுரையைப் பார்த்துக் குறிப்பிட்டார். கடிதம் 'ஆய்வு' ஆயிற்று. ஆஸ்பத்திரி நோயாளி என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. "அடிமையாகும் அபாயம் 1 சதவீதத்துக்கும் குறைவு" என்ற வாசகம் மட்டும் மிஞ்சியது.

1996-ல் பர்டியூ ஃபார்மா என்ற மருந்துக் கம்பெனி 'ஆக்சிகான்டின்' மாத்திரையை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தது. கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிகள் டாக்டர்களிடம் போய்ச் சொன்னதும் இதே 1 சதவீதக் கதைதான். வலியில் துடிப்பவருக்கு உதவ நினைத்த நல்ல டாக்டர்களும் நம்பினார்கள். மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளில், வேலையில் முதுகும் மூட்டும் நொறுங்கிய தொழிலாளர்களுக்கு மாத்திரை தாராளமாக வந்து சேர்ந்தது. ஊர் ஊராக ஜனங்கள் அதற்கு அடிமையானார்கள்.

2007-ல் அந்தக் கம்பெனி, மாத்திரையின் அபாயத்தைக் குறைத்துக் காட்டி ஏமாற்றியதாகக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சுமார் 60 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. 2020-ல் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் கொடுத்துள்ள கணக்குப்படி, 1999 முதல் 2021 வரை அபின் வகை மருந்துகள் அளவுமீறிப்போய் இறந்தவர்கள் சுமார் 6,45,000 பேர். இதில் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் உண்டு, கள்ளச்சந்தை ஹெராயினும் ஃபென்டனிலும் உண்டு. எல்லா மரணமும் அந்த ஒரு கடிதத்தால் வந்தது என்று நான் சொன்னால், மறுபடியும் அந்த 200 பேர் நோட்டீசையே எழுதுகிறவன் ஆவேன். லாபவெறிதான் முக்கியக் காரணம். சரிபார்க்கப்படாத மேற்கோள் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது.

இது எப்படி அம்பலமாயிற்று? கனடாவில் டொரன்டோவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், அந்தக் கடிதத்தைக் குறிப்பிட்ட கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தார்கள். 2017-ல், அதே பத்திரிகையில் கணக்கை வெளியிட்டார்கள். குறிப்பிட்டவை 608. அவற்றில் 439, அடிமையாவது அபூர்வம் என்பதற்கு அக்கடிதத்தையே ஆதாரமாகக் காட்டின. 491, அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. அது கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது! தமது கடிதத்தை மருந்துக் கம்பெனிகள் இப்படிப் பயன்படுத்தியதற்காக மிகவும் வெட்கப்படுவதாக டாக்டர் ஜிக் 2017-ல் பத்திரிகை நிருபர்களிடம் சொன்னார். பழைய கடிதத்தின்மேல் பத்திரிகை ஓர் எச்சரிக்கைக் குறிப்பும் சேர்த்தது. 37 வருஷம் கழித்து!

இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்வது?

முதலாவது, மூலத்துக்குப் போங்கள். டாக்டர் சீட்டு என்றால் சீட்டைப் பாருங்கள். கூலி அறிவிப்பு என்றால் கெஜட் பிரதியைப் பாருங்கள். நம்பரையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆபீசில் தர மறுத்தால் 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப்போட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது, எண்ணிக்கையைத் தனியாகப் பிடுங்கி எடுக்காதீர்கள். யாரை எண்ணினார்கள், எத்தனை பேரில், எங்கே, எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். '31' என்று எழுதாதீர்கள். 'முகாமுக்கு வந்த 200 பேரில் 31 பேர்' என்று எழுதுங்கள்.

மூன்றாவது, மூலத்தை நேரில் பார்க்க முடியவில்லையா? அதை மறைக்காதீர்கள். 'இன்னார் எழுதியதில் படித்தேன்' என்று எழுதுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

நான்காவது, நமக்குச் சாதகமான எண்ணிக்கையைத்தான் அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். பாதகமான எண்ணிக்கையை நாமே தோண்டித் துருவிப் பார்ப்போம். சாதகமானதை அப்படியே விழுங்கிவிடுவோம். அந்த ஐந்து வாக்கியக் கடிதம் பரவியதும் இப்படித்தான். கேட்க விரும்பியதை அது சொன்னது.

"முதலாளி கூசாமல் பொய்க்கணக்குக் காட்டுகிறான், நாம் மட்டும் பார்த்துப் பார்த்து எழுத வேண்டுமா?" என்று ஒரு தோழர் காலையில் கேட்டார். நியாயமான கேள்வி. முதலாளியின் கணக்கு பொய் என்று தெரிந்தால் அவரிடம் இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை எழுதித்தர ஆளும் பணமும் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஜனங்களின் நம்பிக்கை ஒன்றுதான். அது ஒருதரம் உடைந்தால், அடுத்த நோட்டீசில் உண்மையே எழுதினாலும் படிக்க ஆள் இருக்காது.

ஆகவே, தோழர்களே, ஒரு சிறு வேலை தருகிறேன். ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். நோட்டீசில் போடும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் எதிரே, அதைக் கொடுத்தது யார், எந்தக் காகிதம், எந்தத் தேதி, நேரில் பார்த்தது யார் என்று எழுதி வையுங்கள். தவறு என்று தெரிந்தால் அடுத்த நோட்டீசிலேயே திருத்தம் போடுங்கள். பேச்சுவார்த்தை மேஜையில் "இது யார் எடுத்த கணக்கு?" என்று கேட்கும்போது, அந்த நோட்டுப்புத்தகத்தை எடுத்து அவர்கள் முன்னால் விரித்து வையுங்கள்.

அன்று என்னிடம் அது இல்லை. இனி உங்களிடம் இருக்கட்டும்.