முன்பணத்துக்கு முன் வரைபடம்

 

எங்கே எதைக் கட்டலாம் என்ற கேள்வியின் விலை பாலாற்றங்கரை மக்களாகிய நமக்குத் தெரியும். நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய தோல் தொழிற்சாலை கூடாது என 1989-லேயே அரசாணை வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாக நிறைவேற்றச் சொன்னது. மாசுபடுத்தியதற்காகத் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

தொழிற்சாலைக்கு மட்டுமா சட்டம்? வீட்டு மனைக்கும் உண்டு! ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லை நம்பி, வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை மனையில் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் போதாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தபோது, அவசரத்துக்கு விற்க முடியாமல் தவித்தவர்கள் வாங்கியவர்களே, விற்றவர்கள் அல்ல. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. ஆனால் 2016 அக்டோபர் 20-க்குப் பின் போட்ட மனைப்பிரிவுகளுக்கு அது பொருந்தாது.

ஆகவே இளைஞர்களே! முன்பணம் கொடுக்குமுன் மூன்றைக் கேளுங்கள்: ஒப்புதல் எண் உள்ள வரைபடம், வில்லங்கச் சான்று, சாலைக்கும் பூங்காவுக்கும் விட்ட இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

மனை வணிகம் செய்யும் சகோதரர்களே! ஒப்புதலில்லாத மனையில் நீங்கள் காணும் லாபம், நம் தெருக்காரர் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு. அதை மறவாதீர்கள்!